‘திரித்துக் கூறினார்’ என்று எழுதும் முன்

ஒருவர் சொன்ன செய்தி உண்மையோடு பொருந்தவில்லை என்பதை எழுத முனையும்போது, பேனா முனையில் முதலில் வந்து நிற்கும் வினைச்சொல் பெரும்பாலும் தேவைக்கு மேல் கடுமையானதாகவோ, தேவைக்குக் குறைவாக மழுங்கியதாகவோ அமைந்துவிடுகிறது. தவறாகச் சொன்னார், பிழைபடக் கூறினார், மாற்றிச் சொன்னார், மிகைப்படுத்தினார், மறைத்தார், திரித்தார், புரட்டினார், இட்டுக்கட்டினார், புளுகினார், பொய் சொன்னார் என்று நீளும் இந்த வரிசையில், ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைத்துவிட முடியாது. சொல்லப்பட்டது உண்மையா என்ற கேள்விக்கு இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன. சொன்னவர் அதை அறிந்தே சொன்னாரா என்ற அடுத்த கேள்விக்கோ ஒவ்வொன்றும் வெவ்வேறு விடையைத் தருகிறது. செய்தி எழுதுபவரும் மறுப்பு எழுதுபவரும் அலுவலகத்துக்கு மனு எழுதுபவரும் இந்த இரண்டாவது கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டு, தம்மால் மெய்ப்பிக்க முடிந்த எல்லை வரைக்கும் மட்டுமே செல்லும் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இவ்வழிகாட்டியின் அடிப்படை.

மனத்தைப் பற்றி எதுவும் சொல்லாத வினை

சொன்னவரின் நோக்கம் தெரியாத நிலையில் பயன்படுத்த வேண்டிய வினை ‘தவறாகக் குறிப்பிடு’ என்பதாகும். ஆண்டு, தொகை, ஊர், பெயர், பதவி என்று சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு விவரம் பிறழ்ந்திருக்கும் இடத்தில் இது மிகச் சரியாகப் பொருந்தும். சென்னை மாநிலம் 1967இல் தமிழ்நாடு என்று பெயர் மாறியது என ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் மாற்றத்துக்கான தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18 அன்று. அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது 1968இல். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14 அன்று. தீர்மானம் நிறைவேறிய ஆண்டையே பெயர் மாறிய ஆண்டாகக் கட்டுரையாளர் கொண்டுவிட்டார் என்று ஊகிப்பதற்கு இடம் இருக்கிறதே தவிர, அவர் எதையும் மறைக்க முயன்றார் என்று சொல்வதற்கு எந்தச் சான்றும் இல்லை. எனவே, ‘பெயர் மாறிய ஆண்டைக் கட்டுரையாளர் 1967 எனத் தவறாகக் குறிப்பிட்டுள்ளார்’ என்று எழுதினால் போதும். இவ்வாக்கியத்தில் எது தவறு என்பது, ‘ஆண்டை’ என இரண்டாம் வேற்றுமை உருபோடு செயப்படுபொருளாக வெளிப்படையாக நிற்கிறது. அதனால் கட்டுரையின் மற்ற பகுதிகள் மீது ஐயம் படியாமல், குறை ஒரே இடத்தோடு நின்றுவிடுகிறது.

செயப்படுபொருளை இவ்வாறு வெளிப்படையாக வைக்காவிட்டால், ‘தவறாக’ என்னும் வினையடை வேறொரு பொருளுக்கு நழுவிவிடும். ‘அவர் என்னைப் பற்றித் தவறாகச் சொன்னார்’ என்ற வாக்கியத்தைப் படிக்கும் எந்தத் தமிழரும், என் வயதையோ ஊரையோ அவர் பிசகிச் சொன்னார் என்று புரிந்துகொள்வதில்லை. என்னை இழிவாகப் பேசினார், என் நடத்தையைக் குறை கூறினார் என்றே புரிந்துகொள்கிறார்கள். ‘தப்பாகச் சொல்லாதே’, ‘தப்பாக நினைக்காதே’ என்னும் வழக்குகளிலும் இதே ஒழுக்கப் பொருள்தான் முன்னே நிற்கிறது. தகவல் பிழையைச் சொல்ல வரும் வாக்கியத்தில் ‘பற்றி’ என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, ‘என் வயதைத் தவறாகக் குறிப்பிட்டார்’ என்று விவரத்தை நேரே சுட்டுவது இந்தக் குழப்பத்தை முற்றிலும் நீக்கிவிடும்.

‘பிழை’ என்ற சொல்லுக்கு இந்த ஒழுக்கச் சாயல் குறைவு. இலங்கைத் தமிழர் அன்றாடப் பேச்சிலேயே ‘பிழையாகச் சொல்லிவிட்டார்’, ‘அது பிழையான தகவல்’ என்று இயல்பாகக் கூறுகிறார்கள். தமிழ்நாட்டில் அது எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, அச்சுப் பிழை என்று தொழில் சார்ந்த இடங்களில் மிகுதியாக வருகிறது. நூல் மதிப்புரையிலும் ஆய்வுக் கட்டுரையிலும் ‘பிழைபடக் கூறியுள்ளார்’ என்று எழுதுவது நாகரிகமானது என்பது என் கருத்து. ஆனால் செய்தித்தாள் நடையில் அது சற்றே புலவர் தோரணையாகத் தெரியக்கூடும்.

‘மாற்றிச் சொல்’ என்னும் வினை எளிமையானதாகத் தோன்றினாலும், அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. இரு பெயர்களை இடம் மாற்றிச் சொல்லிவிடும் தடுமாற்றத்தையும் அது குறிக்கும். முன்பு சொன்னதைக் கைவிட்டு வேறொன்றைச் சொல்வதையும் குறிக்கும். முன்னதை ‘வாய் தவறி மாற்றிச் சொன்னார்’ என்று விளக்கிவிடலாம். பின்னது வழக்குகள் பற்றிய செய்திகளில் அடிக்கடி வருவது. அழைத்த தரப்புக்கு எதிராகத் திரும்பிய சாட்சியைப் பத்திரிகைகள் ‘பிறழ்சாட்சி’ என்று எழுதுகின்றன. அவர் காவல் துறையிடம் சொன்னது உண்மையா, நீதிமன்றத்தில் சொன்னது உண்மையா என்பதை அச்சொல் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆகவே பிறழ்சாட்சியானவரைப் ‘பொய் சொன்னவர்’ என்று எழுதும் செய்தியாளர், தீர்ப்புக்கு முன்பே தாம் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறார்.

திரி என்னும் வினை

வரிசையில் மிகுந்த கவனம் வேண்டுவது ‘திரி’ என்னும் வினைதான், ஏனெனில் அது ஒரே பகுதியிலிருந்து இரு வேறு வழிகளில் கிளைக்கிறது. தன்வினையாக வரும்போது திரிகிறது, திரிந்தது, திரியும் என்று அமைகிறது. பிறவினையாக வரும்போது திரிக்கிறது, திரித்தது, திரிக்கும் என்று வல்லினம் ஏறுகிறது. பால் திரிந்தது என்றால் அது தானாகவே கெட்டுப்போயிற்று. நூலைத் திரித்தான் என்றால் ஒருவன் கையால் அதை முறுக்கினான். தகவல் குறித்து எழுதும்போதும் இந்த வேறுபாடு அப்படியே தொடர்கிறது: ‘திரிந்த செய்தி’ என்பது பல வாய்களைக் கடந்து வரும் வழியில் உருமாறிய செய்தி, ‘திரித்த செய்தி’ என்பது ஒருவர் வேண்டுமென்றே உருமாற்றிய செய்தி. இடையில் இருப்பது ஓர் எழுத்து வேறுபாடு மட்டுமே என்றாலும், குற்றச்சாட்டு இருக்கிறதா இல்லையா என்பதை அந்த ஓர் எழுத்தே முடிவு செய்கிறது.

இலக்கண நூல்களில் இவ்வினைக்குப் பழிச்சாயல் சிறிதும் கிடையாது. புணர்ச்சியில் நிகழும் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களில் ஒன்று அது. பொன் என்பதும் குடம் என்பதும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரிகிறது. தொல்காப்பியம் கூறும் நால்வகைச் சொற்களில் திரிசொல்லும் ஒன்று. தஞ்சாவூர் ஆங்கிலேயர் வாயில் டாஞ்சூர் என்றும் தூத்துக்குடி டூட்டிகோரின் என்றும் திரிந்தன என்று எழுதும்போது யாரையும் குறை சொல்வதாக ஆகாது. எனவே ‘திரிபு’ என்னும் பெயர்ச்சொல்லைக் கையாளுபவர், தாம் குறிப்பிடுவது மொழியியல் திரிபையா, வரலாற்றுத் திரிபையா என்பதைச் சூழலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். ‘இவ்வூர்ப்பெயர் ஒரு திரிபு’ என்பதும் ‘இவ்வரலாறு ஒரு திரிபு’ என்பதும் ஒரே அளவு கனமுள்ள வாக்கியங்கள் அல்ல.

பிறவினையான ‘திரித்துக் கூறு’ என்பதைப் பயன்படுத்துவதற்கு எழுதுபவரிடம் சில சான்றுகள் இருந்தாக வேண்டும். சரியான தகவல் சொன்னவரின் கைக்கு எட்டியிருந்தது என்பது அவற்றுள் முதன்மையானது. அடுத்து, அவர் சொன்னதில் உண்மையின் ஒரு பகுதி இன்னும் எஞ்சியிருக்க வேண்டும். திரிப்பதற்கு ஒரு மூலப்பொருள் தேவை. மூலமே இல்லாமல் முழுவதும் கற்பனையாகச் சொல்லப்பட்டதை ‘இட்டுக்கட்டினார்’ அல்லது ‘புனைந்தார்’ என்றே எழுத வேண்டும். கயிறு திரிப்பது என்னும் பேச்சு வழக்கு மட்டும் இதற்கு மாறாக, ஒன்றுமில்லாததிலிருந்து கதை கட்டுவதைக் குறிக்கிறது. மணலைக் கயிறாகத் திரிப்பவன் என்று சொல்லும்போது மூலப்பொருள் கயிற்றுக்கு உதவாதது என்பதே கேலியின் உயிர். கட்டுரை நடையில் இவ்வழக்கைக் கலக்காமல் இருப்பது நல்லது. கடைசியாக, மாற்றம் பொருளை ஒரு குறிப்பிட்ட பக்கமாகச் சாய்த்திருக்க வேண்டும். எப்பக்கமும் சாயாத மாற்றம் பெரும்பாலும் கவனக்குறைவாகவே இருக்கும்.

பொதுவாகக் கேட்கும் ஒரு கூற்றைக் கொண்டு இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். ‘அரசியலமைப்புச் சட்டப்படி இந்தி இந்தியாவின் தேசிய மொழி’ என்பது பலரும் சொல்லும் வாக்கியம். அரசியலமைப்பின் 343ஆம் உறுப்பு, தேவநாகரி வரிவடிவில் அமைந்த இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்று மட்டுமே சொல்கிறது. எந்த மொழியையும் தேசிய மொழி என்று அந்தச் சட்டம் அறிவிக்கவில்லை. பள்ளியில் அப்படிக் கேட்டு வளர்ந்த ஒருவர் அதைத் திரும்பச் சொன்னால், அவர் தவறாகச் சொல்கிறார். 343ஆம் உறுப்பைத் தம் கட்டுரையிலேயே எடுத்துக்காட்டிவிட்டு, அடுத்த வரியில் ஆட்சிமொழி என்பதைத் தேசிய மொழி என்று மாற்றி எழுதும் ஒருவரைத்தான் ‘திரித்துக் கூறுகிறார்’ என்று சொல்ல முடியும், ஏனெனில் மூலம் அவர் கண்முன்னே இருந்தது, ஒரு சொல் மட்டும் மாறியிருக்கிறது, அந்த மாற்றம் ஒரு பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. கூற்று ஒன்றே ஆனாலும் சொன்னவரின் நிலையைப் பொறுத்து வினை மாறுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்ற நெடுநாள் செய்தியை இதற்கு எதிர்முனையாக வைக்கலாம். முதலாம் இராசராசன் கட்டி 1010இல் நிறைவுபெற்ற அக்கோயிலின் நிழல் தரையில் விழத்தான் செய்கிறது. வெயில் நாளில் அங்கே சென்றவர் எவரும் அதைப் பார்க்கலாம். ஆயினும் இச்செய்தியைச் சொல்பவர் எவரும் பொய் சொல்வதில்லை, திரிப்பதும் இல்லை; கேட்டதை அப்படியே நம்பிச் சொல்கிறார்கள். சொன்னவர் யார் என்று சுட்ட முடியாத இத்தகைய இடங்களில் ‘தவறாகச் சொல்லப்பட்டு வருகிறது’ என்னும் செயப்பாட்டு வினையே நேர்மையானது.

மேற்கோள்களில் நிகழும் திரிபுக்குத் தமிழில் தனி இயல்பு ஒன்று இருக்கிறது. இடைச்சொல்லும் விகுதியும் பெரும்பொருளைச் சுமக்கும் மொழி என்பதால், முழுச்சொல் எதையும் மாற்றாமலேயே ஒருவரின் பேச்சைத் திரித்துவிட முடியும். ‘நிதி கிடைத்தால் பாலம் கட்டுவோம்’ என்று ஓர் அதிகாரி சொன்னதைப் ‘பாலம் கட்டுவோம் என்று உறுதியளித்தார்’ என்று எழுதினால், நிபந்தனை எச்சத்தோடு அவர் பேச்சின் உயிரும் போய்விடுகிறது. ‘இதற்கு ஆசிரியர்களும் பொறுப்பு’ என்பதை ‘ஆசிரியர்கள்தான் பொறுப்பு’ என்று மாற்றினால், மற்றவர்களோடு சேர்த்துச் சொல்லப்பட்ட குறை ஒரு சாரார் மீது மட்டும் முழுமையாக இறங்குகிறது. ‘ஐம்பது பேராவது வருவார்கள்’ என்பது ‘ஐம்பது பேர்தான் வருவார்கள்’ என்று ஆகும்போது கீழெல்லை மேலெல்லையாகப் புரண்டுவிடுகிறது. ஒருவர் பேச்சு திரிக்கப்பட்டதா என்று ஆராய்பவர் உம், ஏ, தான், ஆவது, மட்டும், கூட ஆகியவற்றை மூலத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகே பெயர்ச்சொற்களுக்கு வர வேண்டும்.

எழுத்திலக்கணம் பற்றியும் ஒரு குறிப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. ‘திரித்து’ என்பது வன்தொடர்க் குற்றியலுகரமாக முடியும் வினையெச்சம் ஆதலால் திரித்துக் கூறினார், திரித்துச் சொன்னார், திரித்துப் பேசினார் என வல்லினம் மிகும். ‘திரிந்து’ என்பது மென்தொடர் ஆதலால் ‘திரிந்து போயிற்று’ என மிகாமல் வரும். இரண்டையும் விரைவாகத் தட்டச்சு செய்யும்போது ஒற்றெழுத்து குழம்பிவிட்டால், வினை தன்வினையா பிறவினையா என்பதே படிப்பவருக்குக் குழம்பிவிடும்.

மிகைப்படுத்தல், குறைத்தல், மறைத்தல் ஆகியவை திரித்தலின் உறவுகள். நன்னூல் நூற்குற்றங்கள் பத்தினைச் சொல்லும்போது குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்றே தொடங்குகிறது. அவை நூல் யாக்கும் முறை குறித்த குற்றங்களாயினும், உண்மையின் அளவைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் நம்மிடம் பழைய பெயர்கள் இருப்பதை நினைவூட்டுகின்றன. கண், காது, மூக்கு வைத்துச் சொல்வது, அளப்பது, சரடு விடுவது, ரீல் விடுவது, பூசி மெழுகுவது போன்றவை பேச்சில் உயிரோட்டம் உள்ளவை. ஆனால் அவை ஒவ்வொன்றிலும் கேலி கலந்திருப்பதால், மறுப்புக் கடிதத்தில் இடம்பெற்றால் எழுதியவரின் நிதானத்தின் மீதே ஐயம் எழும்.

சட்டமும் கணக்கும் கேட்கும் துல்லியம்

நோக்கம் இருந்ததா இல்லையா என்ற வேறுபாடு சொல்லழகுக்காக மட்டும் பேணப்படுவதாகத் தோன்றினால், சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், தாமே உண்மை என நம்பாத ஒன்றை உண்மையாகக் காட்டுவதை 17ஆம் பிரிவில் மோசடி என்று வைக்கிறது. தாம் உண்மை என நம்பினாலும், தம்மிடமுள்ள தகவல் இடம் தராத அளவுக்கு உறுதியாக ஒரு பொய்யான செய்தியைச் சொல்வதை 18ஆம் பிரிவில் தவறான எடுத்துரைப்பாக வைக்கிறது. சொல்லப்பட்டது இரண்டிலும் உண்மையல்ல. சொன்னவர் அதை நம்பினாரா என்பதே கோடு. ஆகவே ஒரு வீட்டுமனை பேரத்தைப் பற்றி எழுதுபவர், விற்பவர் மனையின் பரப்பளவைத் ‘தவறாகக் கூறினார்’ என்பதா, ‘திரித்துக் கூறி ஏமாற்றினார்’ என்பதா என்று முடிவு செய்யும்போது, தெரிந்தோ தெரியாமலோ இந்த இரு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

வருமான வரித் துறையில் இக்கோட்டுக்குப் பணமதிப்பே உண்டு. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்துக்கு முன்பிருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 270அ பிரிவு, வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு, அந்தக் குறைவுக்குரிய வரியில் 50 விழுக்காட்டை அபராதமாக விதித்தது. உண்மைகளைத் திரித்தோ மறைத்தோ அந்தக் குறைவு நேர்ந்திருந்தால் அபராதம் 200 விழுக்காடாக உயர்ந்தது. துறையின் அறிவிப்பைத் தமிழில் பெயர்த்துக் கொடுக்கும் ஒருவர் இரண்டையும் ‘தவறான கணக்கு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், நான்கு மடங்கு வேறுபாடு காணாமல் போகிறது.

தணிக்கையாளர்கள் இதில் நமக்கு நல்ல முன்மாதிரி. நிதி அறிக்கையில் ஒரு தொகையோ வகைப்பாடோ வெளியீடோ இருக்க வேண்டியபடி இல்லாவிட்டால், காரணம் எதுவானாலும் அதை ஒரே நடுநிலைப் பெயரால் முதலில் குறிக்கிறார்கள். அது பிழையால் வந்ததா மோசடியால் வந்ததா என்பதை, செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்பதைக் கொண்டு அதன்பிறகே பிரிக்கிறார்கள். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் 240ஆம் தணிக்கைத் தரநிலை இவ்வாறே சொல்கிறது. தமிழில் அந்த நடுநிலைப் பெயருக்குப் ‘பிறழ்கூற்று’ என்பது பொருந்தும் என்று நினைக்கிறேன். ‘முறைகேடு’ என்று மொழிபெயர்ப்பது, பிரிக்க வேண்டிய இடத்துக்கு வருவதற்கு முன்பே பிரித்துவிடுவதாகும்.

நீதிமன்றத்தில் உறுதிமொழி ஏற்றுச் சொல்லும் சாட்சியம் வேறு நிலையில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு பாரதிய நியாய சன்ஹிதாவின் 227ஆம் பிரிவின்படி, சொல்வது பொய் என்று அறிந்தோ நம்பியோ சொன்னாலும், அது உண்மை என்று நம்பாமல் சொன்னாலும் அது பொய்ச்சாட்சி ஆகும். நினைவு பிசகிய சாட்சி பொய்ச்சாட்சி ஆவதில்லை.

துணைவினை செய்யும் வேலை

முதன்மை வினையைச் சரியாகத் தேர்ந்த பிறகும், அதன் வாலில் ஒட்டும் துணைவினை பொருளை வேறு பக்கம் இழுத்துச் சென்றுவிடும். ‘ஆண்டைத் தவறாகச் சொல்லிவிட்டார்’ என்பதில் உள்ள ‘விடு’, அது எண்ணாமல் நேர்ந்தது என்ற சாயலைத் தந்து குறையைத் தணிக்கிறது. ‘ஆண்டைத் தவறாகச் சொல்லி வருகிறார்’ என்பதில் உள்ள ‘வா’, பலமுறை நடக்கிறது என்று காட்டுகிறது; பலமுறை நடப்பதற்குள் யாரேனும் திருத்தியிருப்பார்களே, பிறகும் ஏன் சொல்கிறார் என்ற ஐயம் தானாகவே எழுகிறது. ‘சொல்லி வைத்திருந்தார்’ என்னும்போது ‘வை’, பின்னால் வரும் ஒரு பயனுக்காக முன்கூட்டியே செய்த ஏற்பாட்டைக் குறிக்கிறது. ‘மருத்துவர் என்று கூறிக்கொண்டார்’ என்பதில் உள்ள ‘கொள்’, அவர் மருத்துவர் அல்லர் என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லியே விடுகிறது. உண்மையிலேயே மருத்துவராக இருக்கும் ஒருவரைப் பற்றி இப்படி எழுதுவது பெரும் அநியாயம்.

எண்களோடு வரும் ‘காட்டு’ என்னும் துணைவினைக்கும் இவ்வலிமை உண்டு. லாபம் குறைவாகக் கணக்கிடப்பட்டுள்ளது என்பது கூட்டல் பிழையாக இருக்கலாம். லாபம் குறைத்துக் காட்டப்பட்டுள்ளது என்பதில் காட்டுபவர் ஒருவரும் காட்டப்படுபவர் ஒருவரும் நுழைந்துவிடுகிறார்கள். சான்று இல்லாத இடத்தில் முன்னதையே எழுத வேண்டும்.

பிறர் கூற்றைத் தெரிவிக்கும் வினைகளிலும் எழுதுபவரையே சிக்கவைக்கும் இடங்கள் உள்ளன. என்றார், கூறினார், தெரிவித்தார் ஆகியவை கூற்றின் உண்மைக்குப் பொறுப்பேற்பதில்லை. சுட்டிக்காட்டினார், விளக்கினார், ஒப்புக்கொண்டார், அம்பலப்படுத்தினார் ஆகியவையோ, சொல்லப்பட்டது உண்மைதான் என்று எழுதுபவரும் கையெழுத்திடுவதற்குச் சமமானவை. ‘ஏரி ஆக்கிரமிக்கப்பட்டிருப்பதாக அவர் குற்றம்சாட்டினார்’ என்பதற்கும் ‘ஏரி ஆக்கிரமிக்கப்பட்டிருப்பதை அவர் அம்பலப்படுத்தினார்’ என்பதற்கும் இடையே ஒரு விசாரணையே நிற்கிறது. இத்தனை விரைவாக அம்பலப்படுத்தல்கள் நிகழும் நாடு வேறு இருக்குமா என்று நம் தலைப்புச் செய்திகளைப் படிக்கும்போது எண்ணத் தோன்றுகிறது.

‘பொய்’ என்னும் சொல்லைத் தனியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். மழை பொய்த்தது என்னும்போது அதில் நோக்கம் இல்லை. ‘பொய் சொன்னார்’ என்னும்போது நோக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. சட்டமன்றங்களில் அச்சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுவதும், உறுப்பினர்கள் அதற்குப் பதிலாக ‘உண்மைக்கு மாறானது’, ‘உண்மைக்குப் புறம்பானது’ என்று பேசுவதும் இதனால்தான். அவ்விரு தொடர்களும் கூற்றைத் தாக்குகின்றன, ஆளைத் தாக்குவதில்லை. ‘ஆதாரமற்றது’ என்பதை இவற்றோடு கலந்துவிடக் கூடாது. ஆதாரம் காட்டப்படாத கூற்று உண்மையாகவும் இருக்கக்கூடும்.

திருத்தம் கோரும்போதும் மறுப்பு எழுதும்போதும்

சான்றிதழிலோ குடும்ப அட்டையிலோ பட்டாவிலோ உள்ள பிழையைத் திருத்தக் கோரி எழுதும் மனுவில், யார் பிழை செய்தார் என்பதைப் பேசாமலிருப்பது காரியம் நடப்பதற்கு உதவும். தன்வினை இதற்கென்றே அமைந்தது போல் இருக்கிறது. ‘என் பிறந்த தேதியைத் தவறாகப் பதிவு செய்துள்ளீர்கள்’ என்பதைவிட, ‘என் பிறந்த தேதி 12.08.1988 என்பதற்குப் பதிலாக 12.03.1988 எனப் பதிவாகியுள்ளது; பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன்; திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுவது மேலானது. சரியான விவரம் முதலில், தவறான விவரம் அடுத்து, சான்று மூன்றாவதாக வருவதால் படிக்கும் எழுத்தர் தேட வேண்டியதில்லை. வயதில் மூத்தவர் ஒருவர் கூட்டத்தில் பிசகிச் சொன்னதை நேரில் திருத்தும்போதும் இதே வழி பொருந்தும்: ‘ஐயா, ஆண்டு மட்டும் மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன், 1969 அல்லவா?’ என்றால் அவரும் தயக்கமின்றி ஏற்றுக்கொள்வார்.

இதழ்கள் தம் பிழையைத் திருத்தும்போது மட்டும் இந்தத் தன்வினை ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடக் கூடாது. ‘தவறாகப் பிரசுரமாகிவிட்டது’ என்ற தொடர், பிழை அச்சு இயந்திரத்தில் தானாகவே விளைந்தது போன்ற தோற்றத்தைத் தருகிறது. ‘நேற்றைய இதழில் பெயரைத் தவறாக வெளியிட்டோம், சரியான பெயர் இது, வருந்துகிறோம்’ என்று எழுவாயோடு எழுதுவதில் குறைவொன்றும் இல்லை. பிறர் பிழையைச் சுட்டும்போது தன்வினையும், தம் பிழையை ஏற்கும்போது எழுவாய் வெளிப்பட்ட செய்வினையும் ஏற்றவை.

மறுப்பு எழுதுபவர் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டியது ‘போல’ என்னும் உவம உருபை. ‘அமைச்சர் கூறியது போல நிதி குறைக்கப்படவில்லை’ என்ற வாக்கியத்தில் அமைச்சர் என்ன கூறினார்? நிதி குறைக்கப்பட்டது என்று கூறினார், அது உண்மையல்ல என்றும் பொருள்கொள்ளலாம். குறைக்கப்படவில்லை என்று கூறினார், அது உண்மைதான் என்றும் பொருள்கொள்ளலாம். ஒருவர் உண்மையைப் பிழைபடச் சொன்னதைத் திருத்த வந்த வாக்கியமே அவர் கூற்றைப் பிழைபடத் தெரிவித்துவிடுகிறது. இதைத் தவிர்க்க, கூற்றையும் உண்மையையும் இரண்டு முற்றுவினைகளாகப் பிரித்துவிட வேண்டும்: ‘நிதி குறைக்கப்பட்டதாக அமைச்சர் கூறினார். நிதி குறைக்கப்படவில்லை.’